டொக்டருக்குப் பின்னால் போன வீடு

காத்தான்குடி மாட்டு டொக்டர் அஸ்மியாவின் வீடு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அடுப்பில் சோறு வெந்துகொண்டிருக்கும்போதே, வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனது. காற்றும் இல்லை, மழையும் இல்லை. முதலில் அத்திவாரத்தைச் சுற்றி ஒரு வெடிப்பு விழுந்தது. பிறகு மூன்று அறையும் குசினியும் ஓட்டுக்கூரையுமாக வீடு மெல்லக் கிளம்பி, ஒழுங்கை வழியே கரைக்கு இறங்கி, தண்ணீரில் கால் வைத்தது. வீடு அகலம், ஒழுங்கை ஒடுக்கம், எப்படிப் போனது என்று கேட்டால் அந்த ஒழுங்கைக்காரர் இன்றைக்கும் "போனதுதான்" என்பார்கள். ஒரு மதிலிலும் கீறல் இல்லை. அன்றைக்கு இறால் நல்ல விலை போனதால் வலைக்காரரும் அதை நெடுநேரம் பார்த்து நிற்கவில்லை. உள்ளே டொக்டரின் தாய் நபீஸா அகப்பையோடு நின்றாள், மகள் ஸாதியா தொட்டிலில் பொம்மையை ஆட்டிக்கொண்டிருந்தாள், புடவைக்கடை வைத்திருக்கும் கணவன் ஷிஹான் பாதி முகம் சவரம் செய்தபடி சன்னலால் எட்டிப் பார்த்து "யா அல்லாஹ்" என்றான். மற்றப் பாதியை அவன் படுவான்கரையில்தான் வழித்தான்.

அந்த வீட்டின் கதையைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. பெண் பிள்ளை பிறந்தால் வீட்டுக்குச் செங்கல் அரிய வேண்டும். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வருவான். நபீஸாவின் புருஷன் இளவயதிலேயே மவுத்தாகிவிட்டதால் கல் அரியிற பாரம் அவள் தலையில் விழுந்தது. அஸ்மியாவுக்கு நாலு வயதாக இருக்கும்போது அவளைப் பெரியும்மாவிடம் விட்டுவிட்டு நபீஸா குவைத்துக்குப் போனாள், பத்துப் பன்னிரண்டு வருஷம் யாருடைய குசினியிலோ நின்றாள். ஒவ்வொரு லீவுக்கு வரும்போதும் ஒரு சுவர் எழுந்தது. முதல் லீவில் மகளைத் தூக்கக் கையை நீட்டினபோது, பிள்ளை பெரியும்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டு, "இது ஆரு?" என்று கேட்டது.  அன்றைக்கே நபீஸா கொத்தனாரைக் கூப்பிட்டு நடுச்சுவரைக் கட்டத் தொடங்கினாள், தானே சீமெந்து குழைத்துக் கொடுத்தாள். அழுதுகொண்டு குழைத்தாள் என்று கொத்தனார் பிறகு சொன்னார். அந்தச் சீமெந்தில் என்ன கலந்ததோ, படைத்தவனுக்குத்தான் தெரியும்.

அஸ்மியா படித்தாள், சும்மா படிக்கவில்லை, மாட்டு டொக்டருக்குப் படித்தாள். பொம்புளப் புள்ளைக்கு மாடு என்னத்துக்கு என்று கேட்டவர்களெல்லாம், அவள் வேலை ஏற்றுப் படுவான்கரை வயல் வட்டைகளில் ஸ்கூட்டியில் ஓடித் திரிந்தபோது, "எங்கட டொக்டர்" என்று சொல்லத் தொடங்கினார்கள். ஊர் வாய் அப்படித்தானே. ஆனால் மாடு நேரம் பார்த்துக் கன்று போடுமா? மாட்டுக் கிடைக்கு நோய் வருத்தம் வந்தால் வெள்ளிக்கிழமை என்று பார்க்குமா? அவள் மண்முனைப் பாலத்தால் திரும்பி வரும்போது ஸாதியா உறங்கியிருப்பாள், காலையில் வெளிக்கிடும்போதும் உறங்கியிருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தபோது ஸாதியா தாயைப் பார்த்து, மிக மரியாதையாக, "டொக்டர், தண்ணி எடுத்துத் தாங்க" என்றாள்.

பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை. தொலைபேசியில் டொக்டர், ஒழுங்கையில் டொக்டர், நபீஸாவே வாய் நிறைய டொக்டர் என்றுதான் மகளைக் கூப்பிடுவாள். அஸ்மியா சிரித்துக்கொண்டே தண்ணீர் வார்த்துக் கொடுத்தாள். பிறகு கிணற்றடிக்குப் போய் வாளியைப் பிடித்தபடி தேம்பித் தேம்பி அழுதாள். திரும்பி வந்து, "நான் வேலைய உடப்போறன் உம்மா. இந்த மாசத்தோட சரி" என்றாள். ஷிஹான் நல்ல மனுஷன்தான், ஆனால் அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை அவள் கண்டாள். நபீஸா நடுச்சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அதற்கு அடுத்த செவ்வாய்தான் வீடு புறப்பட்டது.

அந்த நேரம் அஸ்மியா கொக்கட்டிச்சோலைக்கு அப்பால், நல்லரத்தினம் என்பவரின் வட்டையில், தலைக்கன்றுப் பசு ஒன்றுக்குள் தோள்வரை கையை விட்டபடி படுத்திருந்தாள். கன்றின் முன்னங்கால் மடங்கிப் போயிருந்தது. வரம்போரம் வீடு வந்து நின்றதை முதலில் கண்டவர் நல்லரத்தினம்தான். வீட்டைப் பார்த்தார், பசுவைப் பார்த்தார், பசுதான் அவசரம் என்று முடிவு கட்டினார். ஸாதியா படியிறங்கி ஓடி வந்து, "உம்மா, மாட்டுக்குள்ள என்னத்தத் தேடுறீங்க?" என்று கேட்டாள்.

"பொறுங்க கிளி, உங்கட உம்மா கண்டுக்குட்டிய எடுக்கிறா" என்றார் நல்லரத்தினம்.

மகள் வாயிலிருந்து உம்மா என்ற அந்தச் சொல் காதில் விழுந்ததும் அஸ்மியாவின் கைக்குப் புதுப்பலம் வந்தது. கால் நிமிர்ந்தது, கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது, பிழைத்தது. நபீஸா குசினியிலிருந்து கோப்பையில் சோறும் மீனாணமும் போட்டு எல்லாருக்கும் கொடுத்தாள். ஸாதியா கன்றின் மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "எண்ட உம்மாதான் எடுத்த" என்று வட்டையில் நின்றவர்களிடம் ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னாள். பொழுது சாய ஸ்கூட்டி முன்னால் போக, வீடு பின்னால் போய்த் தன் அத்திவாரத்தில் ஏறி உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு டொக்டர் வரப் பிந்தும் என்று தெரிந்தால் வீடு காத்திருக்காது, புறப்பட்டுவிடும். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் வெறும் அத்திவாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள், ஷிஹான் அக்கரையிலிருந்து பஸ் பிடித்துவந்து கடை திறக்க மதியமாகிவிடும். நபீஸாவின் தம்பி ஸாஹிர் எல்லாவற்றுக்கும் ஒரு வழி வைத்திருக்கும் ஆள். "ஊடு பொம்புளட பேர்ல கிடக்கு, அதான் அவட பின்னால போகுது. மாப்புளட பேருக்கு எழுதுங்க, அசையாம நிக்கும்" என்றார். அந்த ஒழுங்கையில் சீதன வீட்டை ஆணின் பேருக்கு மாற்றி எழுதியதாக ஒரு கதையும் இல்லை. ஆனாலும் அஸ்மியா சம்மதித்தாள். மாசம் முடிய வேலையையே விடப் போகிறவளுக்கு வீடு எங்கே நின்றால் என்ன? ஒரு வியாழக்கிழமை எழுதிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை வீடு ஷிஹானுக்குப் பின்னால் ஜும்ஆத் தொழுகைக்குப் போய், செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றது. சனிக்கிழமை கடை வாசலை மறித்துக்கொண்டு நின்றது, ஒரு முழத் துணியும் விற்கவில்லை. திங்கட்கிழமை அவன் சரக்கெடுக்கக் கொழும்பு பஸ்ஸில் ஏறினான். ஏறாவூர் தாண்டும்போது பின் சீற்றுக்காரர் ஒருவர் அவன் தோளைத் தட்டி, "காக்கா, ஒங்கட ஊடா அது? மூச்சு வாங்கிற்று வருது" என்றார். ஊட்டுக்கும் டிக்கெட் எடுங்க என்றான் கொண்டக்டர். ஓட்டமாவடிப் பாலத்தடியில் ஷிஹான் வெட்கப்பட்டு இறங்கித் தன் வீட்டில் ஏறினான். உள்ளே ஸாதியா நடுச்சுவரில் கன்னத்தை வைத்து அழுதுகொண்டிருந்தாள். "உம்மாட்ட போற ஊடு இது, இது பிழையா வந்திட்டு" என்றாள். அந்தச் சொல் அவனுக்கு நெஞ்சில் தைத்தது.

அன்று அஸ்மியா வேலையை விடுவதாகக் கந்தோரில் பெரியவரிடம் சொல்ல என்று போனவள், வாய் வராமல் திரும்பி வந்து, வெறும் அத்திவாரத்தில் குந்தியிருந்தாள். வீடும் போய்விட்டது, வேலையும் போகப் போகிறது என்று நினைத்தாள். பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும் நேரம் வீடு வந்து இறங்கியது. ஷிஹான் வாசலில் நின்றபடியே பேசினான்.

"அஸ்மியா, நான் இந்த ஊட்டுக்கு வந்தவன். ஊடு எனக்குப் பின்னால வாறது முறையில்ல. நாளைக்கே திருப்பி எழுதுவம். நீங்க வேலைய உடப்படாது."

"கடை?"

"கடையும் நானும் ஊட்டோட வாறம்கா. அங்கயும் ஆக்கள் உடுப்பு உடுக்கிறதானே?"

சொன்னபடியே செய்தான். இப்போது முன்னறையில் சாரனும் சேலையும் அடுக்கியிருக்கிறது, படுவான்கரைப் பெண்கள் வீடு வரும் நாளைப் பார்த்திருந்து வாங்குகிறார்கள். ஸாஹிர் மாமா, ஊட்டத் திருப்பி எழுதச் சொன்னதே நான்தான் என்று தேத்தண்ணிக் கடையில் சொல்லிக்கொண்டு திரிகிறார், யாரும் மறுப்பதில்லை. வருஷங்கள் போய்விட்டன. அஸ்மியா இப்போது பெரிய டொக்டர், அவளுக்குக் கீழே ஏழெட்டு டொக்டர்மார். மாட்டுக்குக் கஷ்டம் என்றால் இன்னும் அவள்தான் போகிறாள். ஸாதியா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வீடு கிளம்பும். வலைக்காரர் அதற்கென்று வலையில்லாத ஒரு வழி விட்டிருக்கிறார்கள், புதிதாக வந்தவன் அதில் வலை போட்டால் அவனுக்கு ஏச்சு விழும்.

நபீஸா குசினிச் சன்னலில் நிற்பாள். குவைத்தில் நின்ற வருஷமெல்லாம் அவள் பார்த்த சன்னலில் மணலும் மதிலும்தான் இருந்தன. இந்தச் சன்னலில் வாவி இருக்கிறது, வாவிக்கு அப்பால் வட்டை, வட்டையில் சேற்றுக் காலோடு நிற்கும் மகள். "தள்ளுங்கடா மனே, எண்ட டொக்டர் பசியோட நிக்கிறா!" என்று தோணிக்காரரைப் பார்த்துச் சத்தம் போடுவாள். வீடு கிட்டப் போகப் போகச் சன்னலில் மகள் பெரிதாகிக்கொண்டே வருவாள், அவள் முகம் நன்றாகத் தெரிகிற இடத்தில் நபீஸா சோற்றுப்பானையை இறக்கி வைப்பாள்.