கறுத்துப்போன திரை

பருத்தித்துறைச் செல்வநாயகம் படகை ஓட்டியபடியே ஜிபிஎஸ்ஸை இரண்டு தரம் தட்டினார். திரை கறுப்பாகவே கிடந்தது.

"பற்றறி செத்துப்போச்சு, கஜீவன்."

வலையைச் சரிசெய்துகொண்டிருந்த கஜீவன், அவர் மனைவி மகாதேவியின் தம்பி, எட்டிப் பார்த்தான். "என்ன அத்தான் சொல்லுறியள்? நம்பரெல்லாம் வடிவாத் தெரியுது."

செல்வநாயகம் மறுபடி குனிந்தார். கறுப்பு. மகன் கனடாவிலிருந்து அனுப்பிய வெயில் கண்ணாடியை இன்றுதான் போட்டிருந்தார். கடல் கூசவில்லை, தண்ணீருக்கடியில் பாசிகூடத் தெரிந்தது. பாசி தெரிகிற கண்ணுக்குக் கையெட்டுகிற திரை தெரியவில்லையா? தலையை ஒருபக்கம் சரித்தார். எண்கள் தோன்றின. நிமிர்த்தினார். போய்விட்டன.

சீனி வருத்தம், அந்த நீரிழிவு, கண்ணுக்குள் இறங்கிவிட்டதோ? இவனிடம் சொன்னால் கரைக்குப் போன கையோடு மகாதேவி காதில் போட்டுவிடுவான். கழுத்துச் சுளுக்கியவர்போலத் தலையைச் சரித்தபடியே போய் வலை விட்டார்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. கண்ணாடியைக் கழற்றினார். இப்போது திரை பளீரென்று எரிந்தது. நேரே பார்த்தாலும் ஒவ்வொரு எண்ணும் தெளிவு. நிம்மதியோடு தலையைத் தூக்கினால் கடலைக் காணவில்லை. எங்கும் மை.

"அத்தான்! முன்னுக்கு வள்ளம்!"

சுக்கானை வெடுக்கென்று திருப்பினார். விளக்கில்லாத வள்ளமொன்று உரசுவதுபோல் விலகிப்போனது. "கண் பிடரியிலையோ இருக்கு?" என்று அதிலிருந்து ஒருவன் கத்தினான்.

செல்வநாயகம் சுக்கானை விட்டு எழுந்தார். "எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நீ பிடி."

என்றைக்கும் அவர் விட்டுக்கொடுக்காத இடத்தில் கஜீவன் உட்கார்ந்தான். திரையைத் தோளில் கிடந்த துவாயால் மூடிவிட்டு, கரை வெளிச்சத்தைப் பார்த்து ஓட்டினான்.

மறுநாள் கண் டொக்டரிடம் போக வேண்டும் என்று அவர் சொன்னபோது, மகள் தாரிகா அந்தக் கண்ணாடியை விளையாட்டாகப் போட்டு போனை நோண்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இஞ்சை பாருங்கோ! நேரே பிடிச்சாக் கறுப்பு, சரிச்சாத் தெரியுது. உந்தக் கண்ணாடி தண்ணிப் பளபளப்பை மறைக்கிற மாதிரித் திரையையும் மறைக்குது."

அவரும் போட்டுப் பார்த்தார். ஓம், அப்படித்தான்.

"அப்ப ராத்திரி கடல் தெரியாமல் போனது?"

"அது திரை வெளிச்சம் கண்ணைக் கூசப்பண்ணியிருக்கும். இருட்டிலை குறைச்சு வைக்க வேணும்."

"பகலிலை கூட்டி, இரவிலை குறைச்சு, கண்ணாடி போட்டால் தலையைச் சரிச்சு..." விரலை மடக்கியவர் பாதியில் விட்டுவிட்டார்.

பின்னேரம் படகு புறப்பட்டபோது அவர் முன்னுக்குப் போய் உட்கார்ந்தார். "இண்டைக்கும் நீயே பிடி, கஜீவன். நான் கடலைப் பாக்கிறன்."