சரிவில் விட்டிருந்த வெள்ளை

எஸ்காசு மலையடிவாரத்தில் சனிக்கிழமைதோறும் நீர்வண்ணத்தில் நிலக்காட்சி வரையக் கற்றுக்கொடுக்கும் எலாடியோவுக்குக் கை சும்மா இருக்காது. மாணவர் தாளில் ஏதாவது கோணலாகத் தெரிந்தால் பிரஷைப் பிடுங்கித் தானே திருத்திவிடுவார். எண்ணெய் வண்ணத்திலேயே ஊறிய கை அது. எண்ணெயில் தப்பு செய்தால் சுரண்டலாம், மேலே பூசலாம். நீர்வண்ணம் அப்படி மன்னிக்காது என்று வகுப்பில் வாய் கிழியச் சொல்வதும் அவரேதான். "வெள்ளைன்னு தனியா பெயின்ட் கிடையாது. தாள்தான் வெள்ளை. மூடிட்டீங்கன்னா போச்சு!"

மாணவர்களில் ஒருவரான பெலிசாரியோ ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், எலாடியோவைவிட மூத்தவர்; அதனால் 'தோன்' என்று மரியாதை சேர்த்தே எலாடியோ அவரைக் கூப்பிடுவார். மழைக்காலம் முழுக்க ஒரே மலைச்சரிவைத்தான் வரைந்தார், கிழித்தார், மறுபடி வரைந்தார்.

"பிரஷ் அது, கியர் இல்ல. இந்த அழுத்து அழுத்தாதீங்க தோன் பெலிசாரியோ."

"இத்தனை வருஷத்துல ஒருத்தரையும் பள்ளத்துல தள்ளல மாஸ்டர். இதையும் ஓட்டிருவேன்."

டிசம்பரில் ஒருவழியாகப் படம் கைகூடி வந்தது. அது காயட்டும் என்று வைத்துவிட்டுப் பெலிசாரியோ காபி வாங்கப் போனார். சரிவின் நடுவில் நகத்தளவு வெள்ளை தெரிந்தது. பாவம், மனுஷர் பூச மறந்துவிட்டார் என்று நினைத்த எலாடியோ, இரண்டே இழுப்பில் பச்சையால் அதை மூடினார்.

பெலிசாரியோ திரும்பி வந்து படத்தைப் பார்த்தார். "எங்க வீடு எங்க?"

"எந்த வீடு?"

"சுண்ணாம்பு அடிச்ச சுவரு. எம் பொண்டாட்டி ஹெனோவேவா பொறந்த வீடு. படுத்த படுக்கையா கெடக்கா மாஸ்டர். 'உங்க கையால வரைஞ்சு ஒரு தடவை காட்டுங்க'ன்னு கேட்டா."

எலாடியோ பஞ்சால் ஒற்றி ஒற்றிப் பார்த்தார். பச்சை தாளுக்குள் இறங்கிவிட்டிருந்தது. "இன்னொண்ணு போட்டுருவோமே?"

"நான் ஒண்ணு போடுற வேகத்துக்கு அவ இருக்கணுமே."

குரலில் கோபம்கூட இல்லை. காபியை எலாடியோவின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தாலாவது தேவலை என்றிருந்தது எலாடியோவுக்கு.

அன்றே பிராயச்சித்தத்தில் இறங்கினார். தனக்குக் கைவந்த எண்ணெய் வண்ணத்தில், பெரிய கேன்வாஸில் அதே சரிவை வரைந்து, சுவரின் வெள்ளையைப் பெயின்ட் கத்தியால் அள்ளி அப்பினார். ஒரே வாரத்தில் முடித்து, ஈரம் காயுமுன் தூக்கிக்கொண்டு பெலிசாரியோ வீட்டுக்கு ஓடினார்.

மூக்கில் குழாயோடு கிடந்த ஹெனோவேவா தலையைத் தூக்கினாள். முகம் மலர்ந்ததா இல்லையா என்று பார்ப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. உடம்பே வில்லாக வளைந்தது. பெலிசாரியோ ஜன்னலைத் திறந்தார், படத்தைத் தூக்கி வெளி நடையில் சாத்தினார். எலாடியோவும் பின்னாலேயே வெளியே வந்தார்.

"பெயின்ட்ல கலக்குற டர்பன்டைன் வாடை அவ நுரையீரலுக்கு ஆகாது. அதனாலதானே வாட்டர்கலர் கத்துக்க வந்தேன்?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே…"

"நீங்க கேக்கவே இல்லையே மாஸ்டர்."

வெட்கத்தில் எலாடியோவால் நிமிர முடியவில்லை.

உள்ளே இருமல் அடங்கியது. "ஏங்க, நம்ம வீடு தெரியுதா அதுல?"

"தெரியுது. வெள்ளை வெளேர்னு இருக்கு."

"வாடை போனதும் உள்ள கொண்டாங்க. எப்ப காயுமாம்?"

பெலிசாரியோ எலாடியோவைப் பார்த்தார். அத்தனை கனமாக அப்பிய வெள்ளை காய மாதக்கணக்காகும்.

"சீக்கிரமே காஞ்சிரும் தோன்யா ஹெனோவேவா," என்று எலாடியோ நடையிலிருந்தே பொய் சொன்னார்.