மீசையை எடுத்த மாப்பிள்ளை

தி.நகரில் பட்டுக்கடை வைத்திருக்கும் முத்துகிருஷ்ணன் மயிலாப்பூர் சபாவின் ஒப்பனை அறைக்குள் புயலாக நுழைந்தபோது இரண்டாவது பெல் அடித்து ஓய்ந்திருந்தது. அவருடைய தங்கை மகன் ஜவஹர், வைகாசியில் அவர் மகள் ஷண்முகப்ரியாவுக்குத் தாலி கட்ட வேண்டியவன், சிவப்புச் சேலையும் தலை நிறைய மல்லிகையுமாகக் கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தான். சேலையைக்கூட மன்னித்திருப்பார். உதட்டுக்கு மேலே ஒன்றுமே இல்லை.

"ஏலே! எங்கலே மீசை?"

"அங்க இருக்கு மாமா."

பக்கத்து நாற்காலியில் மதுமதி என்ற பெண்ணுக்குப் பசை தடவி முறுக்கு மீசை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பாட்டு நாடகத்தில் அவள்தான் கதாநாயகன். ஜவஹர் அவளுக்கு நாயகி.

"சேலை கட்டி ஆடுறவனுக்கா என் பொண்ணு? ஊரே காறித் துப்பாது?"

"கடையில தோள்ல சேலையப் போட்டுக்கிட்டு, 'அக்கா, கட்டினா எவ்ளோ எடுப்பா இருக்கு பாருங்க'ன்னு இடுப்ப ஒடிச்சு நிக்கிறது யாரு மாமா?"

"அது வேட்டிக்கு மேலலே! வியாபாரம்!"

"இது பாவாடைக்கு மேல. இதுக்கும் டிக்கெட் வித்தாச்சு."

மதுமதி சிரித்ததில் பாதி மீசை பிய்ந்து தொங்கியது. முத்துகிருஷ்ணனுக்குக் காது சிவந்தது. எடுத்த எடுப்பில் யானை விலை சொல்வதுதான் அவர் தொழில். எதிராளி பாதிக்குக் கேட்பான், நடுவில் எங்கேயோ முடியும். அதே வாயால் சொன்னார்:

"மேடை ஏறினா கல்யாணம் கிடையாது."

ஜவஹர் குறைத்துக் கேட்கவில்லை. "சரி மாமா. கிடையாதுன்னே வச்சுக்கோங்க." எழுந்து, கொசுவத்தை உதறிவிட்டு நடந்தான்.

"நில்லுலே! இன்னிக்கு ஒரு நாள் ஆடிக்கோ... சரி, எல்லா ஷோவும் முடிச்சுக்கோ... பேப்பர்ல போட்டோ வராமப் பாத்துக்கோ, போதும்!"

மேடைக்கு அவன் ஏறிய ஒவ்வொரு படிக்கும் இவர் ஒரு படி இறங்கினார். அவன் திரும்பவே இல்லை. இயக்குநர் ஸ்ரீவத்சன் குறுக்கே கையை நீட்டினார். "சார், மூணாவது பெல் ஆயாச்சு. கத்தறதா இருந்தா ரோட்டுல போய்க் கத்துங்கோ."

வராந்தாவில் நின்று மகளுக்குப் போன் போட்டார். "ஜவஹர் கல்யாணத்த வேண்டாம்னுட்டான்மா."

"அவர் சொன்னாரா, நீங்க சொன்னீங்களா?"

உள்ளே விசில் பறந்தது.

"எனக்காக நீங்க இனிமே யார்கிட்டயும் பேச வேண்டாம்ப்பா. அவர் ஆடி முடிக்கட்டும், நானே பேசிக்கிறேன்."

திரும்ப அடித்தார். அவள் எடுக்கவில்லை.