அண்ணன் சொல்லி முடிக்கும்வரை

முனைவர் பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட பொருள், திக்கிப் பேசுகிறவர்கள் வேலையிடத்தில் படும் பாடு. வீட்டிலேயே ஒருவர் இருந்தார்: அண்ணன். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸை அளவாக வெட்டி பிரேமில் பொருத்துகிறவர்.

எந்த முறையில் ஆய்வு செய்யப்போகிறாய் என்று நெறியாளர் கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை. வினாப்படிவம்தான். பேசச் சிரமப்படுகிறவர்களை உட்கார வைத்துப் பேட்டி எடுப்பது பாவம் என்று நினைத்தாள். டிக் அடித்துவிட்டுப் போகட்டும். இருநூறு பேர் நிரப்பிக் கொடுத்தால் போதும் என்று நெறியாளரும் தலையாட்டினார்.

வெள்ளோட்டமாக முதல் படிவத்தை அண்ணனிடம் கொடுத்தாள். கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, கடகடவென்று டிக் அடித்தார். எல்லாமே 'ஓரளவு'.

"எப்படிண்ணா இருக்கு?"

"சுலபமா இருக்கு. வா... வாயே திறக்க வேண்டாம்." படிவத்தை நீட்டினார். "எல்லாரும் என்கிட்ட இதைத்தான் பண்றாங்க. நான் பேசாம இருந்தா அவங்களுக்கு ந்... ந்..."

"நல்லதா?"

"நிம்மதி," என்றார் அண்ணன்.

அவளுக்குச் சுருக்கென்றது. சின்ன வயதிலிருந்தே அவருடைய பாதி வாக்கியங்களை அவள்தான் முடித்துவைத்திருக்கிறாள். பாசத்தோடுதான்.

பேட்டி முறைக்கு மாறப்போவதாக நெறியாளரிடம் சொன்னாள். அவருக்கு அது பிடிக்கவில்லை. பேசியதையெல்லாம் எழுத்தில் ஏற்றுவதற்குள் விழி பிதுங்கிவிடும், பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் தாங்காது, இவ்வளவு குறைவான பேரை வைத்து என்ன சொல்லிவிட முடியும் என்று தேர்வாளர்கள் குடைவார்கள் என்றார். கடைசியில், பேச விரும்பாதவர்கள் எழுதியும் கொடுக்கலாம் என்ற ஏற்பாட்டோடு சம்மதித்தார்.

முதல் பேட்டியும் அண்ணனோடுதான். கடையில் எது கஷ்டம் என்று கேட்டாள். பதில் முதல் எழுத்திலேயே நின்றது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதவாமல் இருப்பதில் இத்தனை சிரமம் உண்டென்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"ஜோக்," என்றார். "நான் ஆ... ஆரம்பிச்சா, முடிவை வேற யாராவது சொல்லிடுவாங்க. எனக்கு வர வேண்டிய சிரிப்பு அவங்க பக்கம் போயிடும்."

"எனக்குச் சொல்லுண்ணா. குறுக்க பேச மாட்டேன்."

தொலைந்த கண்ணாடியைத் தேடுவதற்கு ஒரு கண்ணாடி கேட்டு வந்த பெரியவரின் கதை. சொல்லும்போது அண்ணன் இரண்டு இடத்தில் நன்றாக மாட்டிக்கொண்டார். மூச்சு வாங்கி, மறுபடி எடுத்து, முடிவையும் அவரே சொன்னார்.

"ரொம்ப மட்டம்ணா," என்றாள்.

அண்ணன் மேசையைத் தட்டிச் சிரித்தார். பிறகு, இதைவிட மட்டமாக இன்னொன்று இருக்கிறது என்று தொடங்கினார்.