கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

கண்ணாடியில் ஓர் உள்ளங்கை பதிந்திருக்கிறது, மறுபக்கமிருந்து இன்னொரு உள்ளங்கை வந்து அதன்மேல் பொருந்துகிறது, விண்கலத்தில் மிச்சமிருக்கும் காற்று ஒருவனுக்குத்தான் போதும் என்று தளபதி ஈரன் வெளியே நின்றபடி கதவைப் பூட்டச் சொல்கிறான், உள்ளே தாவிக் என்னும் விமானி கையை எடுக்காமல் பார்க்கிறான், ஞாயிறு மதியம், சிங்கப்பூரில் எங்கள் தொழிலாளர் விடுதி அறை, ஈரத்துணிகளுக்கு நடுவே சோற்று வாளியில் சாய்த்துவைத்த கைபேசியில் ஓடும் படத்தைச் சுற்றி எட்டுப் பேர், என்னடா இவன், பொண்டாட்டிய ஏர்போர்ட்டுல விட்டுட்டு வந்தவன் மாதிரி முழிக்கிறான் என்று பக்கிரி அண்ணன்தான் முதலில் சிரித்தார், ஜெபசிங் மட்டும் தன் மேல்கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டே, அது லவ்வுதாம்ணே, கண்ணப் பாருங்க என்றான், அறை வெடித்துச் சிரித்தது, டேய் தூத்துக்குடி, கூட்டாளிக்காக உசுரு குடுக்குறவன நீ கெடுத்துராத, இல்லண்ணே, கூட்டாளின்னா ஏன் கையெடுக்க மாட்டேங்கான், அட, பசை ஒட்டிருக்கும்டா.

யார் ஈரன், யார் நான் என்று சில நேரம் குழம்பிவிடுகிறது, சிமெண்டு அரித்து என் விரல்கள் வெடித்த நாட்களில் ஜெபசிங்தான் மீனும் சோறும் பிசைந்து ஊட்டினான், முள்ளு கெடக்கும், பாத்து மெல்லு என்பான், அந்த விரல்களைக் கைபேசித் திரை இன்னமும் அடையாளம் காண்பதில்லை, அதனால் வீட்டுக்கு எழுதுவதையெல்லாம் வாயால் சொல்கிறேன், அது எழுத்தாகிறது, நான் எழுதுவதை அறையே கேட்கிறது, ஆகவே அறை கேட்கக்கூடியதை மட்டும் எழுதுகிறேன், மழை, சாப்பாடு, ஓவர்டைம்.

பட்டுக்கோட்டையிலிருந்து தங்கை எழிலியின் செய்தி வந்து நிற்கிறது, காலேஜில் அவளும் தோழிகளும் இதே காட்சிக்காகத்தான் அடித்துக்கொள்கிறார்களாம், அண்ணே, அவங்க ரெண்டு பேரும் நண்பர்களா, அதுக்கும் மேலயா, நீ சொல்லு, அம்மா இன்னைக்கு உனக்குப் பாத்த பொண்ணு வீட்டுக்குச் சரின்னு சொல்லப் போகுது, நீ சொல்றத வச்சுதான் நான் அம்மாகிட்டப் பேசணும், அவளுக்குத் தெரிந்திருக்கிறது, வீடியோ காலில் என் தோளுக்குப் பின்னால் எப்போதும் யார் என்று அவள் பார்த்திருக்கிறாள்.

யாருப்பா, தங்கச்சியா, அதுவும் பாக்குதா, நல்லாச் சொல்லு தம்பி என்கிறார் பக்கிரி அண்ணன், கைபேசியை வாயருகே கொண்டுபோகிறேன், மேல்கட்டிலில் ஜெபசிங் கேட்டுக்கொண்டிருக்கிறான், ஒரு சொல் போதும், அந்தச் சொல்லை எட்டுப் பேருக்கு நடுவே உரக்கச் சொல்ல வேண்டும், சொன்ன பிறகு இதே அறையில் உறங்க வேண்டும், நண்பர்கள்தான் எழிலி, வேற ஒண்ணும் இல்ல, ஒரு பிழையும் இல்லாமல் எழுத்தாகிப் போய்ச் சேர்கிறது, பாத்தியா, தம்பியே சொல்லிட்டான் என்று பக்கிரி அண்ணன் தொடையைத் தட்டுகிறார், எழிலி, சரிண்ணே, அம்மா பொண்ணு வீட்டுக்குப் போன் பண்ணுது என்று எழுதுகிறாள்.

என் கட்டிலில் மல்லாந்து படுத்து மேல்கட்டிலின் அடிப்பலகையில் உள்ளங்கையை வைக்கிறேன், அவன் முதுகின் சூடு இருக்கிறது, அவன் புரண்டு சுவரோரம் போகிறான், நான் கையை எடுக்கவில்லை, பலகை மெல்ல ஆறிக்கொண்டிருக்கிறது.