ராஜலிங்கம் கையில் விசில்

வத்தேகமவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து மலையில் தீப் பிடித்தால் முப்பது வருசமாக ஆள் சேர்த்துக்கொண்டு போனவன் நான், இராமையா கங்காணி. இந்த வருசம் அந்தப் பொறுப்பையும் விசிலையும் தோட்டத்து ஆபீசில் ராஜலிங்கத்திடம் கொடுத்துவிட்டார்கள். என் கீழே புல் வெட்டியவன். கண்டியில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்தானாம், எழுதப் படிக்கத் தெரியுமாம். எனக்குப் பொறுக்கவில்லை. இப்பவும் பொறுக்கவில்லை.

பங்குனியில் மலைச்சரிவு மானாப்புல் தீப்பற்றியது. அவன் எங்களை ரெண்டு ரெண்டு பேராகப் பிரித்தான். சோடியை விட்டு ஒருத்தன் தனியே நகரக்கூடாது. விசில் ஊதினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, எரிந்து கருகின பக்கம் போய்விட வேண்டும். மேட்டுக்கு ஓடவே கூடாது, தீ நம்மைவிட வேகமாக ஏறும். இவ்வளவையும் சொல்லிவிட்டுப் பாறை மேல் ஏறி நின்றுகொண்டான். நாங்கள் எட்டுப் பேர் பச்சைக் கொப்பால் தீயை அடித்தோம்.

பாறையில் நின்றவனைக் காட்டி, தொரை வேடிக்கை பார்க்கிறார் என்றேன், என் சோடி சந்திரகுமாரிடம். அவன் சிரிக்கவில்லை.

இன்னும் நாலு ஆள் நீளத்துக்குத்தான் தீ மிச்சம். அதை நான் அணைத்தால் யார் வேலைக்காரன் என்று ஆபீசுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து விசில் கேட்டது. மற்ற ஆறு பேரும் போய்விட்டார்கள்.

"ஐயா, ஊதிட்டான். வாங்க."

"அவனுக்கு ஊதுறதுதானே வேலை."

மறுபடியும் ஊதினான். சந்திரகுமார் போயிருக்கலாம். சோடியை விடக்கூடாதே என்று நின்றான். பள்ளத்திலிருந்து இன்னொரு தீ எங்கள் முதுகுப் பக்கம் ஏறி வந்தது எனக்கு அப்புறந்தான் தெரிந்தது. பாறையில் நின்றவனுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. சந்திரகுமார் என் சட்டையைப் பிடித்துக் கருகின பக்கம் இழுத்துப் போட்டான். அவன் வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது.

ராஜலிங்கம் எல்லாரையும் பேர் சொல்லி எண்ணினான். பிறகு எங்களிடம் வந்து, விசில் கேட்கவில்லையா என்றான். சந்திரகுமார் என் முகத்தைப் பார்க்காமல், காற்றில் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டான்.

ராஜலிங்கத்தின் முகம் செத்துப்போனது. தான் நின்ற இடம் பிழை, இந்த வேலை தனக்குச் சரிப்படாது என்று சொல்லி, கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றினான்.

"நீங்களே வச்சுக்குங்க, கங்காணி ஐயா."

வாங்கிவிட்டேன். பொய் சொல்லவில்லை, சந்தோசமாகத்தான் வாங்கினேன். பக்கத்தில் ஒருத்தன் சந்திரகுமாரின் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். வெந்தவன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், பாவி.

"கேட்டுச்சு," என்றேன். "ரெண்டு தடவையும் கேட்டுச்சு. நாந்தான் வரல்ல."

விசிலைத் திருப்பிக் கொடுத்தேன். ராஜலிங்கம் என்னைத் திட்டுவான் என்று நின்றேன். திட்டவில்லை. சந்திரகுமாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழி பார்த்தான். அதிலும் அவன்தான் பெரிய ஆளாகிப்போனான்.