பாதி மூடிய கண்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு ஜீப்பில். போடிமெட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். ஏலத்தோட்டத்தில் வேலை முடித்த பெண்கள், ஏற்றக்கூடாத அளவு, ஒருவர் மடியில் ஒருவராக. சோதனைச் சாவடியில் காவலர் கைகாட்டினார். முன்சீட்டில் ஒரு சிறுமி, நெற்றியில் ஈரத்துணியுடன், கண் செருகிக் கிடந்தாள்.

"புள்ளைக்குக் காச்சல் சார். ஆசுபத்திரிக்கு வெரசாப் போகணும்," என்றார் ஓட்டுநர். அவளுடைய அப்பா.

விட்டுவிட்டார்கள். அடுத்த வளைவில் அவள் எழுந்து உட்கார்ந்து, துணியைப் பிழிந்து மடித்து வைத்தாள். ஜீப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

2

நான் எழுதிய முதல் தொடக்கம்: 'பவதாரணிக்குப் பத்து வயது. பட்டாம்பூச்சியைக் கண்டால் அவள்…'

இல்லை. அவள் பார்ப்பது காவலரின் பூட்ஸை. பளபளவென்று இருந்தால் புது ஆள். கொஞ்சம் கூடுதலாக முனக வேண்டும்.

(இன்னொரு தொடக்கம் 'வறுமை' என்று ஆரம்பித்தது. அடித்துவிட்டேன். ஜீப்பு அவள் அப்பா பாண்டியராஜுக்குச் சொந்தம். மகளைப் பள்ளிக்கு அனுப்பாதே என்று எந்த வறுமையும் அவரிடம் சொல்லவில்லை.)

3

அம்மா கற்பகத்தையாவது நல்லவளாக்கப் பார்த்தேன். 'காலையில் மகளின் தலையைத் தடவினாள்.' தடவினாள்தான். எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்று பார்க்க. எண்ணெய் வைத்துப் பின்னிய தலை காய்ச்சல் தலைபோல் இருக்காது.

காலையில் ஜீப்பில் மலை ஏறினால் சாயங்காலம்தான் திரும்ப முடியும். பள்ளிக்கும் அவளே போன் செய்தாள். "இன்னைக்கும் காச்சல் டீச்சர்."

4

சிக்கல் என்னவென்றால், பவதாரணி வளர்ந்துவிட்டாள்.

"கால் நீண்டுபோச்சு ஒனக்கு. எடத்த அடைக்கிற," என்றார் பாண்டியராஜ். "நாளைக்குச் சின்னவ வரட்டும்."

சின்னவள் ஜோதி. ஐந்து வயது.

"அவ வேணாம்ப்பா. சிரிச்சிருவா."

"சொல்லிக்குடு ஆத்தா. ஒனக்குத் தெரியாததா?"

"நானே வர்றேன். கால மடக்கிக்கிறேன்."

கற்பகம் கைபேசியிலிருந்து நிமிரவில்லை. "ஒரு நிமிச சோலி. அதுக்குப் போயி என்ன பேச்சு?"

[இங்கே பவதாரணி அழுவதாக எழுதியிருந்தேன். அவளுக்கு அழத் தெரியும். சாவடியில் அழுவாள். வீட்டில் யார் பார்க்கப்போகிறார்கள்?]

5

ஜோதி சிரித்துவிட்டாள். காவலர் கழுத்தைத் தொட்டுப் பார்த்ததும் கூச்சம் தாளாமல் நெளிந்து, கெக்கெக்கென்று. அதுதான் இந்தக் கதையில் ஒரு குழந்தை கடைசியாகச் சிரித்த சத்தம். கூடுதலாக இருந்த பெண்களை இறக்கிவிட்டார்கள். அவர்கள் வளைவு வளைவாக நடந்து இறங்கினார்கள்.

வீட்டில் பாண்டியராஜ் ஜோதியை அடித்தார். கற்பகம் தடுக்கவில்லை, டிவி சத்தத்தைக் கூட்டிவைத்து நாடகம் பார்த்தாள்.

அடி ஓய்ந்ததும் பவதாரணி தங்கையைப் பாயில் படுக்கவைத்தாள்.

"கண்ண முழுசா மூடாத. பாதி. முழுசா மூடுனா நடிப்புன்னு தெரிஞ்சிரும்."

"தொட்டா கூசுதுக்கா."

"நாக்கக் கடிச்சுக்க. வலிச்சா சிரிப்பு வராது."

6

ஒரு முடிவில் டீச்சர் வீடு தேடி வந்தார். நானே நம்பவில்லை.

இன்னொன்றில் ஜோதிக்கு உண்மையாகவே காய்ச்சல் கண்டது. யாரும் நம்பவில்லை. பிறகு அப்பாவும் அம்மாவும் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். உங்களுக்கும் கண் கலங்கியிருக்கும், மன்னித்திருப்பீர்கள். அந்த வாய்ப்பை அவர்களுக்குத் தரமாட்டேன்.

ஆகவே, நாளை சாயங்காலம். அதே ஜீப்பு. பின்சீட்டில் என் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். சாவடி தாண்டியாயிற்று. ஜோதி எழுந்து உட்காருகிறாள். துணியைப் பிழிகிறாள். உதட்டோரம் துளி ரத்தம்.

ஜீப்பு சிரிக்கிறது. ஜோதி சிரிக்கவில்லை.

நீங்கள்